பைபேசிக் டிஃபிப்: 200 ஜூல் வைத்தால் அனலைசரில் 158தான் காட்டுகிறது

ஐசியு பயோமெட்:
இதயத்துக்கு மின் ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர்; மார்பில் கையால் அழுத்திப் பிடிக்கும் பேடில் (paddle) உள்ள மேனுவல் பைபேசிக் மெஷின். காலை செல்ஃப் டெஸ்ட் பாஸ். ஆனால் மார்புக்குப் பதிலாக 50 ஓம் மின்தடை வைத்து ஷாக்கை அளக்கும் அனலைசரில் 200 ஜூலுக்கு 158, 50 ஜூலுக்கு 40தான் வருகிறது. சிங்க் (sync, துடிப்போடு ஒத்து ஷாக் கொடுக்கும் மோட்) போட்டால் சார்ஜ் ஏறுகிறது, ஷாக் பட்டனை அழுத்தினால் ஒன்றும் ஆவதில்லை. கொஞ்ச நேரத்தில் சார்ஜ் தானே இறங்கிவிடுகிறது. கப்பாசிட்டர் போய்விட்டதா? திறந்து பார்க்கலாமா?

மின்தேக்கி:
இப்போதைக்குத் திறக்க வேண்டாம். 100 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரில் 200 ஜூல் நிற்க 2000 வோல்ட் வேண்டும். ஆளைக் கொல்ல அது தாராளம்.

சிங்க் விஷயம் கோளாறே இல்லை. சிங்க் மோடில் மெஷின் ஈசிஜியில் ஆர் அலையை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் வரும் கூர்மையான முனையைத் தேடும். அது வந்து 60 மில்லிசெகண்டுக்குள் ஷாக் போக வேண்டும். அதற்குப் பின் வரும் டி அலைமேல் ஷாக் விழுந்தால் நன்றாகத் துடிக்கும் இதயமே விஎஃப்-க்கு (சரியாகத் துடிக்காமல் தாறுமாறாக நடுங்கும் நிலைக்கு) போய்விடலாம் என்பதால்தான் இந்த ஏற்பாடு. நீங்கள் ஈசிஜி கொடுக்காமல் அழுத்தியிருப்பீர்கள். அனலைசரிலிருந்தே நார்மல் சைனஸ் (இயல்பான துடிப்பின் ஈசிஜி) கொடுங்கள், ஒவ்வொரு ஆர் மேலும் மார்க்கர் விழுகிறதா பாருங்கள், பட்டனை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். சார்ஜ் தானே இறங்குவதும் பாதுகாப்புக்காகத்தான்.

வார்டில் சொல்லி வையுங்கள்: விஎஃப்-ல் ஆர் அலையே கிடையாது. சிங்க் ஆனில் இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் ஷாக் போகாது. ஒரு ஷாக்குக்குப் பிறகு சில மாடல்கள் சிங்கிலிருந்து தானே வெளியே வந்துவிடும், சில வராது. உங்களுடையது எந்த ரகம் என்று மேனுவலில் பாருங்கள்.

அளவுகோல்:
எனர்ஜிக்கு வருவோம். டிஃபிப்களுக்கான சர்வதேசத் தரம் ஐஇசி 60601-2-4 அனுமதிப்பது ±15% அல்லது ±3 ஜூல், இதில் எது அதிகமோ அது. 200-க்கு 170 முதல் 230 வரை. 158 என்றால் ஃபெயில். செல்ஃப் டெஸ்ட் பாஸ் ஆனதை நம்ப வேண்டாம். அது அனலைசருக்கு மாற்று இல்லை.

இரண்டு செட்டிங்கிலும் ஒரே விகிதத்தில் குறைகிறது, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. 50 ஓமுக்குத் தொடராக 13 ஓம் சேர்ந்தால் 50/63, அதாவது 79%. 200-க்கு 158! எனக்கு கப்பாசிட்டரைவிட பேடில், கேபிள் மேல்தான் சந்தேகம். ஷாக்குக்குப் பின் வரும் ஸ்ட்ரிப்பில் இம்பிடன்ஸ் (ஷாக் சந்தித்த மொத்த மின்தடை, ஓமில்) அச்சாகிறதா? 50-ஐ ஒட்டி இருந்தால் கோளாறு உள்ளே. 60-க்கு மேல் போனால் வெளியே.

அதற்கு முன் இதே அனலைசரில் இன்னொரு டிஃபிப்பை வைத்துப் பாருங்கள். பைபேசிக்குக்கு முந்தைய மோனோபேசிக் காலத்து அனலைசர்கள் சில பைபேசிக் அலையைத் தப்பாக அளக்கும்.

நைட் டியூட்டி நர்ஸ்:
நடுவில் ஒரு சந்தேகம். ஸ்டோரில் பழைய மோனோபேசிக் இருக்கிறது, 360 வரை போகும். அதுதானே பவர் அதிகம்?

மின்தேக்கி:
இல்லை சிஸ்டர். அதில் கரண்ட் ஒரே திசையில்தான் பாயும். 1962-ல் பெர்னார்ட் லோன் கொண்டுவந்த டிசி முறையின் வழி வந்தது. பைபேசிக்கில் பாதியில் திசை திரும்பும், அதனால் 120 முதல் 200 ஜூலிலேயே காரியம் முடிகிறது. மார்பின் மின்தடைக்கு ஏற்ப அலையையும் சரிசெய்துகொள்ளும். ஏஇடி எனும் தானியங்கி டிஃபிப்பும் இன்று பெரும்பாலும் பைபேசிக்தான், ரிதத்தைப் பார்த்து ஷாக் தேவையா என்று அதுவே முடிவு செய்யும். எதுவானாலும் ஃபிளாட் லைனுக்கு ஷாக் கிடையாது, சிபிஆர்தான்.

ஐசியு பயோமெட்:
இன்னொரு மெஷின் அதே அனலைசரில் சரியாக 200-ஐ ஒட்டிக் காட்டுகிறது. நம்முடையதின் ஸ்ட்ரிப்பில் இம்பிடன்ஸ் 64.

அளவுகோல்:
அப்படியானால் பேடில்தான். பெரியவர்களுக்கான பிளேட்டைக் கழற்றுங்கள். அடியில் குழந்தைகளுக்கான சின்ன பிளேட் இருக்கும். இரண்டுக்கும் நடுவே கரண்டைக் கடத்துவது ஒரு ஸ்பிரிங் பட்டைதான். ஜெல் அங்கே கசிந்து காய்ந்து, வெள்ளைப் பொருக்காக ஒட்டியிருக்கும். மெஷினை ஆஃப் செய்து, ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு மாட்டுங்கள். உப்புத்தாள் வேண்டாம்; கீறல் விழுந்தால் அந்த இடத்தில் பொறி பறந்து நோயாளியின் தோல் கருகும்.

ஐசியு பயோமெட்:
இரண்டு பேடிலிலும் பொருக்கு இருந்தது, ஸ்டெர்னம் (நெஞ்செலும்பு) பக்கம்தான் மோசம். துடைத்தபின் 200-க்கு 194, 50-க்கு 49, இம்பிடன்ஸ் 51. ஈசிஜி கொடுத்ததும் சிங்க்கும் வேலை செய்கிறது. பேட்டரியில் மட்டும் 200 ஏற 20 செகண்ட் ஆகிறது, கரண்டில் 5.

மின்தேக்கி:
அப்படியென்றால் சார்ஜிங் சர்க்யூட் நன்றாக இருக்கிறது, பேட்டரிதான் தளர்ந்துவிட்டது. அடிக்கடி பயன்படும் மேனுவல் மெஷினுக்கு, பேட்டரி 15 ஷாக் கொடுத்துக் களைத்த பிறகும் முழு எனர்ஜி ஏற 15 செகண்டுக்கு மேல் ஆகக்கூடாது. புது பேட்டரி வரும்வரை பிளக்கைப் பிடுங்க வேண்டாம் என்று மெஷின்மேல் ஒட்டி வையுங்கள், நோயாளியை வேறிடம் மாற்றும்போது இதை எடுத்துப் போகவும் விடாதீர்கள்.