கலப்பு இஞ்சினில் புஷ்ராட் நீளமும் லிஃப்டர் முன்னழுத்தமும்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

முதல் பதிவு

கலப்பு இஞ்சின் என்று இங்கே நான் சொல்வது மின்மோட்டார் சேர்ந்த வாகனத்தை அல்ல. ஒரு குடும்பத்தைச் சேர்ந்த பிளாக்கின் மேல் வேறொரு குடும்பத்தின் சிலிண்டர் ஹெட்டைப் பொருத்திக் கட்டிய வி8 இஞ்சினை. என்னுடையது ஃபோர்டு 351 விண்ட்சர் பிளாக், அதன் மேல் 351 கிளீவ்லேண்ட் ஹெட். ஃபோர்டு நிறுவனமே 1969, 1970 ஆண்டுகளின் பாஸ் 302 இஞ்சினில் இதே முறையைக் கையாண்டது என்பதால், ஹெட் போல்ட்டுகளின் அமைப்பு பொருந்துமா என்ற கவலை எனக்கு இருக்கவில்லை. குளிர்நீர் வழியை மாற்றி அமைக்கும் வேலையும் சிக்கலின்றி முடிந்தது. நான் தடுமாறியது புஷ்ராடில்தான்: கேம் தண்டின் மேல் ஏறி இறங்கும் லிஃப்டரின் அசைவை, வால்வைத் திறக்கும் ராக்கர் என்ற நெம்புகோலுக்குக் கொண்டுசெல்லும் கம்பி அது.

இத்தகைய இஞ்சினுக்கு எந்தப் பட்டியலிலும் சரியான நீளம் கிடைக்காது. ஆகவே நான் கணக்குப் போட்டேன். கிராங்க் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்தளம் வரையுள்ள உயரம் கிளீவ்லேண்டில் 9.206 அங்குலம், 1971க்குப் பிந்தைய விண்ட்சரில் 9.503 அங்குலம். வித்தியாசம் 0.297 அங்குலம், அதாவது ஏறத்தாழ ஏழரை மில்லிமீட்டர். கிளீவ்லேண்டின் புஷ்ராட் சுமார் 8.4 அங்குலம் என்பதால் 8.70 என்று முடிவு செய்து, பதினாறையும் வாங்கிவிட்டேன். அந்தக் கணக்கில் தேய்த்துக் குறைக்கப்பட்ட ஹெட்டும் இல்லை, நான் போட்ட கேஸ்கட்டின் தடிமனும் இல்லை, புதிய ரோலர் ராக்கரில் புஷ்ராட் அமரும் குழிவு எவ்வளவு ஆழம் என்பதும் இல்லை.

பொருத்திய பிறகுதான் வால்வின் நுனியில் மார்க்கர் மை பூசி, இஞ்சினைக் கையால் சில சுற்றுகள் சுற்றிப் பார்த்தேன். ராக்கரின் முனையிலுள்ள ரோலர் தேய்த்துச் சென்ற தடம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக, நுனியின் ஒரு விளிம்பை ஒட்டிக் கிடந்தது. தடம் நடுவில் விழுகிறதா என்பதை மட்டும் பலர் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் அதைவிட முக்கியமானது தடத்தின் அகலம். வால்வ் பாதித் தூரம் திறந்திருக்கும்போது, ராக்கரின் அச்சையும் ரோலரின் மையத்தையும் இணைக்கும் கோடு வால்வ் தண்டுக்குச் செங்குத்தாக இருந்தால் தடம் மிகக் குறுகலாக விழும். நீளம் பிசகினால் அகன்றுவிடும்.

எனவே நீளத்தை மாற்றிப் பார்க்கக்கூடிய அளவுப் புஷ்ராட் ஒன்றை வாங்கினேன். பழைய லிஃப்டர் ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக மெல்லிய வாஷர்களை அடுக்கி, பிளஞ்சர் (லிஃப்டருக்குள் ஏறி இறங்கும் சிறு உந்தி) 0.040 அங்குலம் இறங்கிய நிலையிலேயே அசையாமல் நிற்கும்படி செய்தேன். வால்வ் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு அதனிடத்தில் பேனா ஸ்பிரிங் போல மென்மையான ஒன்றைப் போட்டேன். பிறகு அரைச் சுற்றுக்கு ஒரு முறை நீளத்தைக் குறைத்து, துடைத்து, மை பூசி, சுற்றிப் பார்த்தேன். 8.65 அங்குலத்தில் தடம் ஒன்றரை மில்லிமீட்டராகச் சுருங்கியது. அன்று மாலை அந்த மெல்லிய வெள்ளிக் கோட்டை விளக்கொளியில் பலமுறை குனிந்து பார்த்தேன்.

இவ்வளவு செய்தும் இஞ்சின் ஐடிலில் தடுமாறியது. அளந்தபோது இரண்டு சிலிண்டர்களில் கம்ப்ரஷன் குறைவாக இருந்தது. நீளம் சரியாகிவிட்ட நிலையில், இந்த முறை பிழை முன்னழுத்தத்தில், அதாவது வால்வ் மூடியிருக்கும்போது பிளஞ்சரை எவ்வளவு கீழே அழுத்தி வைக்கிறோம் என்பதில் இருந்தது. புஷ்ராடை விரல்களால் உருட்டிக்கொண்டே ராக்கரைப் பிடித்திருக்கும் நட்டை இறுக்கி, உருட்டுவது கடினமாகும் இடத்தைப் பூஜ்ய இடைவெளி என்று கொண்டேன். எண்ணெய் நிரம்பாத புதிய லிஃப்டரில் பிளஞ்சரைத் தாங்குவது வலுவற்ற ஒரு சிறு ஸ்பிரிங் மட்டுமே. பிளஞ்சர் கணிசமாக இறங்கிய பிறகும் புஷ்ராட் எளிதாக உருளும். உண்மையான பூஜ்யத்தைத் தாண்டிய பிறகே நான் எண்ணத் தொடங்கியிருக்கிறேன். இப்போது புஷ்ராடை மேலும் கீழும் அசைத்து, அந்தச் சிறு ஆட்டம் மறையும் கணத்தையே பூஜ்யமாகக் கொள்கிறேன்.

அதன்மேல் ஒரு முழுச் சுற்று இறுக்கியது இரண்டாம் தவறு. 7/16 அங்குல ஸ்டட்டில் அங்குலத்துக்கு 20 மரைகள் இருப்பதால், ஒரு சுற்றுக்கு நட் 0.050 அங்குலம் இறங்கும். பிளஞ்சரும் அவ்வளவே இறங்கும் என்று நினைத்தேன். ஆனால் நட் இறங்குவது ராக்கரின் நடு அச்சில். வால்வ் மூடியிருக்கும்போது வால்வ் பக்க நுனி நகராது. ஆகவே புஷ்ராட் பக்கம் அச்சைவிட அதிகமாக இறங்க வேண்டியிருக்கிறது. 1.73 விகித ராக்கரில் அது நட் இறங்கும் அளவைப் போல் 1.58 மடங்கு. ஒரு முழுச் சுற்றுக்குப் பிளஞ்சர் 0.079 அங்குலம், அதாவது இரண்டு மில்லிமீட்டர் இறங்குகிறது. என் லிஃப்டருக்குத் தயாரிப்பாளர் குறித்திருந்த முன்னழுத்தமோ 0.020 முதல் 0.060 அங்குலம் வரைதான். கழற்றிப் பார்த்தபோது அந்த இரண்டு சிலிண்டர்களின் லிஃப்டர்களிலும் பிளஞ்சர் அடியைத் தொட்டு நின்றது. வால்வ் முழுமையாக மூடவே வழியில்லை. இப்போது உண்மையான பூஜ்யத்திலிருந்து அரைச் சுற்று, அவ்வளவே. ஐடில் சீராகிவிட்டது.

உங்கள் இஞ்சின்களில் எப்படி அளந்தீர்கள், எங்கே தவறினீர்கள் என்பதைத் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.

இரண்டாம் பதிவு

ஐயா, நானும் இதே கலவையைத்தான் கட்டினேன். ஆனால் ஹெட்டில் இருந்த, உயரத்தைச் சரிசெய்ய முடியாத ராக்கர் பீடங்களை அப்படியே வைத்துக்கொண்டேன். போல்ட்டை டார்க் ரெஞ்சால் இறுக்குவதோடு வேலை முடிந்துவிடும் என்பதால், இங்கே முன்னழுத்தத்தைத் தீர்மானிப்பது புஷ்ராடின் நீளம் ஒன்றுதான். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியே கணக்கு வைத்தேன். ஹெட்டை 0.020 அங்குலம் தேய்த்தால் முன்னழுத்தம் அப்படியே 0.020 கூடுகிறது. மெல்லிய கேஸ்கட்டும் அப்படித்தான். மறுபடி கடைந்த கேமில் அடிவட்டத்தின் (வால்வை உயர்த்தாத வட்டப் பகுதியின்) ஆரம் குறைவதால் லிஃப்டர் கீழே இறங்கி முன்னழுத்தம் குறைகிறது. ஹெட்டில் வால்வ் வந்து அமரும் இருக்கையை ஆழமாக வெட்டினால் வால்வின் நுனி மேலே ஏறி முன்னழுத்தம் கூடும். ஆனால் ராக்கர் விகிதத்தால் வகுத்த அளவே கூடும்.

பதினாறு வால்வுகளையும் ஒவ்வொன்றாக அளந்தபோது பதினான்கு ஒன்றுபோல இருந்தன. இருக்கை ஆழமாக வெட்டப்பட்ட இரண்டு வால்வுகள் மட்டும் விலகி நின்றன. அந்த இரண்டின் நுனிகளைக் கடைசலில் சிறிது குறைத்த பிறகே இஞ்சினை மூடினேன். ஒரே ஒரு வால்வை அளந்து பதினாறுக்கும் ஆர்டர் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மூன்றாம் பதிவு

நான் தவறியது ஆர்டர் கொடுக்கும்போது. புஷ்ராடின் இரு முனைகளிலும் 5/16 அங்குலக் கோளங்கள் இருக்கின்றன. அவற்றின் உச்சியில் எண்ணெய்த் துளை இருப்பதால் கோளத்தின் நுனி சற்றே வெட்டுப்பட்டிருக்கும். வெர்னியர் காலிபரால் அளந்தால் வருவது அந்த வெட்டுப்பட்ட நீளம். சில தயாரிப்பாளர்கள் துளையே இல்லாத முழுக் கோளத்துக்கான நீளத்தைக் கேட்கிறார்கள். 0.100 அங்குலத் துளைக்கு இரண்டு முனைகளும் சேர்ந்து ஏறத்தாழ 0.016 அங்குலம் வேறுபடுகிறது. சரிசெய்ய முடியாத ராக்கரில் இது சிறிய அளவு அல்ல. எந்த முறை என்று கேட்காமல் ஆர்டர் கொடுத்துவிட்டு, வந்தவற்றைத் திருப்பி அனுப்பினேன். அளவுப் புஷ்ராடை நீளம் மாறாமல் பூட்டி, அதையே அவர்களிடம் கொடுத்து அளக்கச் சொல்வது இன்னும் நல்லது.

ஒரு சந்தேகம்: முதல் பதிவிட்ட ஐயா, இறுக்கி முடித்த உடனே இஞ்சினைச் சுற்றினீர்களா?

முதல் பதிவர் மீண்டும்

இல்லை. ஓடிய இஞ்சினில் லிஃப்டருக்குள் எண்ணெய் நிரம்பியிருக்கும். நட்டை இறுக்கியவுடன் பிளஞ்சர் இறங்க இடமில்லாமல் வால்வ் சற்றே திறந்து நிற்கும். அந்த எண்ணெய் கசிந்து வெளியேற நேரம் வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் வெளியேற்றும் வால்வ் திறக்கத் தொடங்கும்போது உள்ளிழுக்கும் வால்வையும், உள்ளிழுக்கும் வால்வ் மூடிவரும்போது வெளியேற்றும் வால்வையும் சரிசெய்தேன். முழுவதும் முடித்த பிறகு கிராங்கைத் தொடாமல் அரை மணி நேரம் காத்திருந்து, பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் மெதுவாக இரண்டு சுற்றுகள் சுற்றினேன். எங்கும் தட்டாமல் சுற்றியதால் பிளக்குகளைப் பொருத்தி இஞ்சினை இயக்கினேன்.