புதுப்பிப்பு: அம்மாவின் ஊர் ரேஷன் அட்டைக்குத் தாராவியில் அரிசி கிடைத்தது

ஊரிலிருந்து என்னோடு தாராவிக்கு வந்துவிட்ட அம்மாவுக்கு, தமிழ்நாட்டு ரேஷன் அட்டையை வைத்து இங்கே அரிசி வாங்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடிகிறது. வாங்கிவிட்டோம்!

முதலில் போன கடையில் "வெளி மாநில கார்டு செல்லாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதிர்வீட்டுத் திருநெல்வேலி அக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டு எங்களோடு வேறு கடைக்கு வந்து மராத்தியில் பேசினார். அம்மாவின் ஆதார் எண்ணைப் போட்டுக் கைரேகை வைத்ததும் மெஷினில் ஊர் அட்டை விவரம் அப்படியே வந்தது. அந்த அக்காவுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு: அட்டையில் பிஎச்எச் (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது பிஎச்எச்-ஏஏஒய் (மிகவும் ஏழைக் குடும்பம்) என்று இருக்க வேண்டும். என்பிஎச்எச் (முன்னுரிமை இல்லாத குடும்பம்) அட்டைக்கு வெளிமாநிலத்தில் கிடைக்காது. பிஎச்எச் என்றால் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். 2023 ஜனவரியிலிருந்து இலவசம். நம்ம ஊர்க் கடையில் தரும் துவரம்பருப்பு, பாமாயில், சர்க்கரை இங்கே கிடையாது. அம்மாவின் பங்கை இங்கே எடுத்ததால் ஊரில் இருக்கும் தம்பியின் பங்கு போய்விடாது, அவன் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பலர் பயப்படுவது இதற்குத்தான்.

கடையில் மறுத்தால் சும்மா திரும்பி வராதீர்கள். வெளிமாநிலத்தில் ரேஷன் வாங்க வழி செய்யும் 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தின் உதவி எண் 14445-க்குப் போன் போடுங்கள், கட்டணம் இல்லை.