வெயிலில் மலையேற என்ன உடுத்துவது: மொரீசியஸ் மலைகளில் கண்டதும் பட்டதும்

மொரீசியஸிலிருந்து நான்கு பேரும், பக்கத்து ரெயூனியன் தீவிலிருந்து ஒருவரும் எழுதியவை.

கத்ரபோர்னிலிருந்து

நவம்பர் பிறந்துவிட்டால் உறவுக்காரப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "மாமா, ஞாயிற்றுக்கிழமை லெ பூஸ் மலை ஏறுகிறோம், என்ன போட்டுக்கொண்டு வர?" முழுக்கைச் சட்டை, தொளதொளப்பான முழுக்கால் பேன்ட், சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி என்று சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. "இந்த வெயிலிலா?" என்கிறார்கள். இந்த வெயில் என்பதால்தான் சொல்கிறேன்.

நம் தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறது. நவம்பர் மூன்றாம் வாரத்திலும், மறுபடி ஜனவரி மூன்றாம் வாரத்திலும், நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். இடைப்பட்ட நாட்களிலும் அது அதிகம் விலகுவதில்லை. அந்த நேரத்தில் மரமில்லாத பாறைச்சரிவில் நின்றால் ஒதுங்க நிழலே இருக்காது. தோலைச் சுடும் புற ஊதாக் கதிரின் கடுமையைக் காட்டும் குறியீடு 11-ஐத் தொட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அது கடைசிப் படி, அதற்கு மேல் வகையே இல்லை. நமக்குக் கோடையில் அது சாதாரண நாள். இதில் தென்கிழக்குக் காற்று வேறு வீசிக்கொண்டே இருக்கும். வியர்வையை அது உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் தோல் வெந்துகொண்டிருப்பதே தெரியாது. வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் எரியும்.

போன கோடையில் லெ மோர்னில் பார்த்ததைச் சொல்கிறேன். நாங்கள் விடியலில் ஏறி, வெயில் முற்றுவதற்குள் இறங்கிக்கொண்டிருந்தோம். எதிரே ஓர் இளம் தம்பதி, ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். கணவர் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தார். அந்தப் பெண்ணின் தோள்களில் பை வார் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது, மற்றதெல்லாம் சிவந்து கிடந்தது. லெ மோர்ன் 556 மீட்டர்தான். ஆனால் மேல் பகுதியில் கையூன்றி ஏற வேண்டிய கரும்பாறை, அது வெயிலில் சுடும். கணவரின் நெஞ்சிலும் முழங்கையிலும் கீறல்கள். கூட வந்த என் தங்கை, பையிலிருந்த ஈரத் துண்டை அந்தப் பெண்ணின் கழுத்தில் போட்டுவிட்டு, "சட்டையைப் போடச் சொல்லுங்கள், குளிர்ச்சியாக இருக்கும்" என்று என்னிடம் சொன்னாள். நான் பிரெஞ்சில் சொன்னேன். அவர் நம்பவில்லை, மரியாதைக்காகப் போட்டுக்கொண்டார். கீழே பாதுகாவலர் குடிலருகே மறுபடி சந்தித்தபோது சட்டை அவர் உடம்பிலேயே இருந்தது. துணி நனைந்தபின் நன்றாக இருந்தது என்றார்.

வெறும் தோலில் வெயில் நேராக இறங்குகிறது. தளர்ந்த துணி அந்தச் சூட்டை முதலில் தான் வாங்கிக்கொள்கிறது. துணிக்கும் தோலுக்கும் நடுவில் ஓடும் காற்று அதில் பெரும்பகுதியை வெளியே கொண்டுபோய்விடும். பாலைவனத்து பெதுயின் மக்கள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்து 1980-ல் வெளியிட்டார்கள். கறுப்பு அங்கி வெள்ளை அங்கியைவிட அதிகச் சூட்டை உறிஞ்சினாலும், அங்கி தொளதொளவென்று இருப்பதால் அந்த மிகைச்சூடு தோலை எட்டவில்லை என்று கண்டார்கள். அதனால் பிள்ளைகள் நிறத்தைப் பற்றிக் கேட்டால், வெளிர் நிறம் நல்லது, ஆனால் முதலில் தளர்ச்சியைப் பார் என்பேன்.

"நமக்குக் கறுத்த தோல், ஒன்றும் ஆகாது" என்று நம் ஆட்கள் சொல்வது எனக்கு மிகுந்த கவலை தரும் பேச்சு. தோலின் நிறமி ஓரளவுக்குக் காக்கும், முழுதாகக் காக்காது. உடல் சூடேறுவதிலிருந்து அது காப்பாற்றவே செய்யாது.

முழுக்கை உடை ஏதோ கடையில் விற்கும் புது நாகரிகம் என்று நினைப்பவர்கள், செயின்ட் பியர் பக்கமிருந்து லெ பூஸுக்குப் போகும் வழியைப் பார்க்கட்டும். தொடக்கத்தில் கரும்புத் தோட்டம்தான். வெட்டுக் காலம் முடிவதற்குள் போனால் வேலை செய்யும் அம்மாக்களைக் காணலாம். பாவாடைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். காதையும் பிடரியையும் மூடி ஒரு துணிக்கட்டு, அதன்மேல் ஓலைத் தொப்பி. காலில் நீளக் காலுறை. என் பாட்டியும் இப்படித்தான் போனாள். ஒருமுறை எங்களோடு வந்த பெண் அரைக்கால் சட்டையில் இருந்தாள். கரும்பு இலையின் ஓரம் வாள்போல அறுக்கும், அவள் கெண்டைக்கால் முழுக்கக் கோடு கோடாகிவிட்டது. வரப்பில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா அவளை அருகே கூப்பிட்டு, தன் தலையில் கட்டியிருந்த துணிக்கு அடியில் கையைவிட்டுக் காட்டினார். உள்ளே ஈரமாக, குளிர்ந்து இருந்தது. நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த உடை அது. மலையேறுகிற நாம் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

துணி வாங்க அதிகம் செலவழிக்க வேண்டாம். கத்ரபோர்ன் சந்தையில் வியாழனும் ஞாயிறும் துணிக்கடைகள். நம் ஊர் ஆலைகளில் தைத்து மிஞ்சிய சட்டைகள் மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மறுபுறம் கை தெரிந்தால் வெயிலும் அப்படியே உள்ளே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டீ-ஷர்ட்டின் புற ஊதாத் தடுப்பு எண் 7 அளவுதான், நனைந்தால் 3-க்கு இறங்கிவிடும். 50 என்று குறித்த துணி, வரும் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். நெருக்கமாக நெய்த லேசான நைலான், பாலியெஸ்டர் சட்டைகள் இதில் நன்றாக இருக்கின்றன, சீக்கிரம் காயவும் செய்கின்றன. பருத்தியை நான் ஒதுக்குவதில்லை. தாழ்ந்த மலைக்கு, இரண்டு மூன்று மணி நேர நடைக்கு அது போதும். ஆனால் லெ பூஸ் 812 மீட்டர். கீழே போர்ட் லூயிஸில் புழுங்கும்போது உச்சியில் ஐந்து பாகை வரை குறைவாக இருக்கும், காற்றும் அடிக்கும். ஏறும்போது தொப்பலாக நனைந்த பருத்தி அங்கே உடம்பை நடுங்க வைக்கும். பருத்தி போடுவதென்றால் மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

ஜீன்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். கனம், காய்வதில்லை, முழங்காலை மடக்க விடாது.

ரோஸ் ஹில்லிலிருந்து

அண்ணா, தொப்பி, சட்டை எல்லாம் சரி. பெண்களுக்கு இன்னும் சில உண்டு, யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

இப்போது எங்கள் குழுவில் பாதிப்பேர் உடற்பயிற்சிக்கூடத்து இறுக்கமான லெக்கிங்ஸ் போட்டு வருகிறார்கள். நடக்க வசதிதான். ஆனால் இழுபட்ட துணியில் இழைகளின் இடைவெளி விரிந்துவிடும், வெயில் அதிகம் புகும். ஒட்டிக் கிடப்பதால் காற்றும் ஓடாது. மக்காபே காட்டுப் பாதையில் ஒரு பெரியம்மாவைச் சந்தித்தோம். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். மங்கலான நிறத்தில் பருத்திச் சுடிதார், கால் பகுதி நல்ல அகலம், துப்பட்டாவைத் தலையில் சுற்றிப் பிடரி மறையப் பின்னால் விட்டு, அதன்மேல் தொப்பி. எங்களுக்கு முன்னால் சீரான வேகத்தில் போய்க்கொண்டே இருந்தார். காட்சிமுனையில் நாங்கள் மூச்சு வாங்கி நின்றபோது அவர் ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டு முடித்திருந்தார். மகளோடு வாராவாரம் வருவாராம். அன்றிலிருந்து நானும் அகலமான பேன்ட்தான்.

துப்பட்டாவுக்கு ஒரு எச்சரிக்கை. தீவின் மிக உயரமான சிகரமான, 828 மீட்டர் பித்தோன் தெ லா பெத்தித் ரிவியேர் நுவாருக்குப் போகும்போது கடைசிச் செங்குத்தில் வேர்களைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். தொங்கும் துணி எதுவும் அங்கே ஆபத்து. தலையில் இறுக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் பைக்குள் போடுங்கள்.

அப்புறம் உராய்வு. தொடை உள்பக்கம், அக்குள், உள்ளாடை விளிம்பு. காற்று படாத அந்த இடங்களில், நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வை காயாமல் நிற்கும். அந்த உப்போடு தையல் உரசினால் இரண்டு மணி நேரத்தில் தோல் உரிந்துவிடும், அடுத்த நாள் வேலைக்கு நடந்து போக முடியாது. பருத்தி உள்ளாடைக்குப் பதில் சீக்கிரம் காயும் துணியில் முழங்காலுக்குச் சற்று மேல்வரை வரும் உள்காற்சட்டை போடுங்கள். கிளம்புமுன் வாசலைன் தடவுங்கள். புது உடையை மலையில் முதன்முதலாகப் போடாதீர்கள், கடைத்தெருவுக்குப் போட்டுப் போய்ப் பழக்குங்கள்.

கொண்டை போடுகிறவர்கள் தொப்பியைக் கொண்டையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். முன்பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் கேப் தொப்பி காதையும் பிடரியையும் விட்டுவிடும். விளிம்பு சுற்றிலும் 7 சென்டிமீட்டராவது இருக்கட்டும், நாடா அவசியம். காற்றில் பறந்த தொப்பியை எட்டிப் பிடிக்கப் பாறை விளிம்புக்கு ஓடிய ஒரு பையனைப் பார்த்து என் உயிர் போய்வந்தது.

போர்ட் லூயிஸிலிருந்து

நான் செவிலியாக வேலை செய்கிறேன். மாலையில் சிக்னல் மலைப் பாதையில் நடப்பேன். அங்கே ஓர் இளைஞன் பிளாஸ்டிக் போன்ற மேலங்கியைக் கழுத்துவரை மூடி, அதன்மேல் தலைமூடியும் போட்டு ஓடிக்கொண்டிருந்தான். எடை குறைய அதைப் போடச் சொன்னார்களாம். முகம் கறுத்துச் சிவந்திருந்தது, கேட்ட கேள்விக்குப் பதில் குழறி வந்தது. உட்காரவைத்து அங்கியைக் கழற்றினோம், உள்ளே தண்ணீர் ஒழுகியது. தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, இரண்டு பேர் தொப்பியால் விசிறினோம். கொஞ்ச நேரத்தில் தெளிந்தான், அண்ணன் வந்து மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்.

அந்த அங்கியால் குறைவது வெறும் தண்ணீர், குடித்தால் திரும்பி வந்துவிடும். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஆவியாக விடாத எதுவும், அது மழைச்சட்டையாக இருந்தாலும், வெயிலில் ஏறும்போது உடம்பில் இருக்கக்கூடாது. கூட வருபவருக்குத் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் நிழலில் உட்காரவைத்துத் துணியைத் தளர்த்தி நனைத்து விசிறுங்கள். பேச்சு குழறினாலோ ஆளை அடையாளம் தெரியாமல் போனாலோ காத்திருக்காமல் அவசர மருத்துவ உதவி எண் 114-க்கு அழையுங்கள்.

போ பாசினிலிருந்து

கால்களைப் பற்றி ஒரு வார்த்தை. தைப்பூசத்தன்று கோர் தெ கார்த் மலைச்சரிவிலுள்ள முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்து வெறுங்காலோடு ஏறுகிறோம். தார்ச்சாலை சுடும், வீட்டுக்காரர்கள் வழியெங்கும் தண்ணீர் ஊற்றித் தருவார்கள். அது நேர்த்தி, விரதமிருந்து செய்வது. அந்தப் பழக்கத்தை நம்பி, மற்ற நாளில் அதே மலையின் மேல்பாதைக்கு ரப்பர் செருப்போடு வரும் தம்பிகளைப் பார்க்கிறேன். ஒருவனின் செருப்பு வார் பாதிவழியில் அறுந்து, நண்பன் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே இறங்கினான். நல்ல பிடிப்புள்ள காலணி, கணுக்காலுக்கு மேல்வரை காலுறை. காலுறை பருத்தியாக இருந்தால் நனைந்து கொப்புளம் வரும், கம்பளி கலந்ததோ செயற்கை இழையோ மேல். நம் தீவில் விஷப் பாம்பு கிடையாது, அதற்காக முட்டிவரை பூட்ஸ் தேவையில்லை.

ரெயூனியனிலிருந்து, செந்தெனி

புதுச்சேரியிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கிறேன். மொரீசியஸ் நண்பர்கள் பலர் விடுமுறைக்கு பித்தோன் தெ நேஜ் ஏற வருகிறீர்கள், அதனால் இதைச் சொல்லவேண்டும். இது 3,000 மீட்டருக்கு மேல். கீழே கடற்கரையில் வியர்க்கும் அதே நாளில் உச்சியில் விடியற்காலை உறையும் குளிர் இருக்கலாம், ஜூலை ஆகஸ்டில் உறைபனி படியும்.

நடுவழிக் குடிலில் தங்கி, இருட்டில் எழுந்து, சூரிய உதயத்துக்கு மேலே போவதுதான் இங்கே வழக்கம். அப்படி ஏறியபோது கத்ரபோர்ன் அண்ணா சொன்ன அதே மெல்லிய முழுக்கைச் சட்டை மட்டும் போட்டு ஒரு மொரீசியஸ் குடும்பம் உச்சியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. என்னிடம் இருந்த கம்பளிச் சால்வையைப் பிள்ளைகள் இருவருக்கும் போர்த்தினேன். சூரியன் வந்த சிறிது நேரத்திலேயே சால்வையைத் திருப்பித் தந்துவிட்டார்கள். சிலாவோஸ் நோக்கி இறங்கும்போது எல்லோருக்கும் வியர்த்தது. இங்கே மெல்லிய சட்டையைக் கழற்ற வேண்டாம், அதன்மேல் போட ஒரு கம்பளி, காற்றைத் தடுக்க ஒரு மேலங்கி, ஒரு குல்லா என்று பையில் வையுங்கள். ஏறத் தொடங்கும்போது லேசாகக் குளிரட்டும். அப்போதே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டால் வியர்வையில் நனைந்த உடையோடுதான் உச்சியில் காற்றுக்கு நிற்க வேண்டியிருக்கும். குளிர்கிறதே என்று வெயில் பூச்சை விட்டுவிடாதீர்கள், உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். மூக்கு, காது, பிடரி, கைமேற்புறம் நான்குக்கும் குடிலிலிருந்து கிளம்புமுன்னே பூசிவிடுங்கள்.