கல்லடி வீட்டின் முதிரை யன்னல்கள்: திருத்துவதா, அலுமினியத்துக்கு மாறுவதா?

கடலோரத்தான் (கல்லடி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பின் கல்லடியில், கடலிலிருந்து சில நூறு மீற்றர் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. 1978 நவம்பர்ச் சூறாவளியில் கூரை பறிபோய்ச் சுவரும் சரிந்த பின்னர், 1981 இல் அப்பா மறுபடியும் கட்டிய வீடு இது. ஏழு யன்னல்களுக்கும் முதிரை மரத்தில் நிலையும், தேக்கில் இரட்டைக் கதவும் போட்டிருக்கிறார். 2004 சுனாமியில் தண்ணீர் யன்னற் கட்டு வரை ஏறியும் அவை அசையவில்லை.

இப்போது கிழக்குப் பார்த்த மூன்று யன்னல்கள்தாம் தொல்லை தருகின்றன. நிலையின் அடிச்சட்டத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினால் ஓர் அங்குலம் இறங்குகிறது. ஒரு கதவின் கீழ்ச்சட்டம் மூட்டை விட்டுக் கழன்று தொங்குகிறது, இரண்டு கண்ணாடிகள் வெடித்திருக்கின்றன, கம்பிகள் துருவேறி ஊதி நிலையையே பிளந்திருக்கின்றன. வாடைக்காற்றோடு மழை அடிக்கும் நாட்களில் கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்துவிட்டுத்தான் படுக்கிறோம்.

அலுமினிய யன்னல் பொருத்துபவர் ஒருவர் வந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ஏழையும் கழற்றிவிடுங்கள் என்றார். பழைய மரத்தைத் தாமே செலவில்லாமல் ஏற்றிச் செல்வதாகவும் சொன்னார். அம்மாவுக்கு இதில் சற்றும் சம்மதம் இல்லை. ஐப்பசி மழைக்கு முன்னர் ஏதாவது செய்தாக வேண்டும். இவற்றைத் திருத்த இயலுமா, அல்லது திருத்துவது வீண் செலவா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓடாவி வீட்டுப் பிள்ளை (ஆரையம்பதி) எழுதியது:

தம்பி, முதலில் அந்த மரத்தை யாருக்கும் ஏற்றிக் கொடுத்துவிடாதீர்கள். நாற்பது ஆண்டுகள் காய்ந்த முதிரைச் சட்டத்துக்கு இணையான மரத்தை இன்று மரக்காலையில் தேடினால், கிடைத்தாலும் அதன் விலையைக் கேட்டுத் திரும்பி வருவீர்கள். செலவில்லாமல் ஏற்றுகிறேன் என்று ஒருவர் சொல்வதிலிருந்தே அதன் பெறுமதி விளங்கவில்லையா?

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், ஏழில் நான்கு யன்னல்களுக்கு எந்த நோயும் இல்லை. மற்ற மூன்றிலும் உக்கியிருப்பது அடிச்சட்டமும் அதை ஒட்டிய சாண் அளவும் மட்டுமாகவே இருக்கும். இதை நீங்களே உறுதிசெய்து கொள்ளலாம். கூரான ஊசியொன்றை எடுத்து, நிலையின் இரு கால்களிலும் கீழிருந்து மேலாக இரண்டு அங்குலத்துக்கு ஒரு தடவை குத்திப் பாருங்கள். ஊசி எந்த இடத்தில் ஏற மறுக்கிறதோ அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். குத்திய துளையில் ஈர மண் ஒட்டி வந்தாலோ, தட்டும்போது உள்ளே வெறுமையான ஓசை கேட்டாலோ அது கறையான். அப்படியானால் முதலில் நிலத்திலிருந்து சுவர் வழியே ஏறும் மண்குழாயைத் தேடி அழிக்க வேண்டும். மரம் கருமையாகிச் சதுரம் சதுரமாக உடைந்தால் அது தண்ணீரால் உக்கியது.

தண்ணீரால் என்றால், அது எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிக்காமல் உளியைத் தொடக்கூடாது. அடிச்சட்டத்துக்கு வெளியே உள்ள சீமெந்துக் கட்டு ஆறு அங்குல அகலத்துக்கு ஓர் அங்குலமாவது வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், அதன் அடியில் நீரை நிறுத்திச் சொட்ட வைக்கும் சிறு வெட்டும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையென்றால் முதிரை என்ன, பாலை மரம் போட்டாலும் ஒருநாள் உக்கத்தான் செய்யும்.

வேலை இப்படித்தான். அடிச்சட்டம் முழுவதும் போயிருந்தால் அதை மட்டும் கழற்றிப் புதிதாகச் செய்ய வேண்டும். கால்களில் நீங்கள் போட்ட கோட்டுக்கு மேலே இரண்டு அங்குலம் நல்ல மரத்தையும் சேர்த்துச் சாய்வாக வெட்டி, அதே இன மரத்தில் ஒட்டுப் போட வேண்டும். சட்டம் மூன்று அங்குலத் தடிப்பானால் அந்தச் சாய்வு ஓரடிக்குக் குறையக்கூடாது. நேர்வெட்டாக வெட்டி ஆணி அடித்துப் பொருத்தினால் அது ஒட்டு ஆகாது. ஒட்டுக்கு எபொக்சிப் பசையைப் பயன்படுத்துங்கள். மரத்தின் வெட்டுமுகம் ஈரத்தை உறிஞ்சும் வாய் என்பதால், வண்ணம் பூசுவதற்கு முன்னர் அந்த முகங்களுக்கு மாத்திரம் இரண்டு தடவை பிரைமர் கொடுக்கச் சொல்லுங்கள். இதைப் பெரும்பாலானோர் செய்வதில்லை.

கண்ணாடியை, அது அமரும் மரவாய்ப்பின் அளவுக்குச் சரியாக வெட்டாமல், எல்லாப் பக்கமும் சற்றே இடைவெளி கிடைக்கும்படி நீளத்திலும் அகலத்திலும் அரைக்கால் அங்குலம் குறைத்து வெட்டுவியுங்கள். இல்லாவிட்டால் மாரியில் மரம் ஊதும்போது மறுபடியும் வெடிக்கும். உங்களுடைய கண்ணாடிகள் வெடித்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். கண்ணாடியின் ஓரத்தை அடைக்க லின்சீட் எண்ணெய் கலந்த பட்டியை வைத்தால், மேற்பரப்பு இறுகும் வரை ஓரிரு வாரம் விட்டுவிட்டுப் பின்னர் வண்ணம் பூசுங்கள்.

இன்னொரு விடயம். மார்கழியில் கதவு இறுகுகிறது என்று சீவுளி பிடிக்க யாரையும் விடாதீர்கள். அப்படிச் சீவிய கதவு, கச்சான் காற்று வீசும் காலத்தில் மரம் சுருங்கியதும் விரல் நுழையும் இடைவெளியோடு நிற்கும்.

அக்கரைப்பற்று நாநா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் பதினைந்து வருடங்களாக அலுமினியம் பொருத்துகிறேன். எனது தொழிலுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, மேலே எழுதிய சகோதரர் சொன்னதே சரி. நல்ல நிலையில் உள்ள முதிரையை உடைத்து எடுக்கும்போது சுவர்ப்பூச்சும் சேர்ந்து உடையும், அந்த மேசன் கூலியை எவரும் விலை சொல்லும்போது சொல்வதில்லை. அத்துடன் இரண்டு கதவுகள் கொண்ட வழுக்கு யன்னலில் ஒரே நேரத்தில் பாதியைத்தான் திறக்க முடியும். கச்சான் வெக்கையில் முழுவதும் திறந்து கிடக்கும் மர யன்னலுக்குப் பழகியவர்களுக்கு அது பெரிய குறை.

ஆனால் குளியலறை, சமையலறை யன்னல்களுக்கு நான் அலுமினியத்தையே சொல்வேன். கடலோரம் என்பதால் சிலவற்றைக் கவனித்துக் கேளுங்கள். பூச்சில்லாத வெறும் அலுமினியத்தில் உப்புக்காற்று பட்டால் வெள்ளைப் புள்ளியாக அரிக்கத் தொடங்கும். எனவே பௌடர் கோட்டிங் செய்ததை எடுங்கள். இரும்புத் திருகாணி போட்டால் இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்து அலுமினியத்தைத் தின்றுவிடும், ஆகவே துருப்பிடிக்காத எஃகில் 316 தரம் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், 304 கடலுக்கு இவ்வளவு அண்மையில் கறைபிடிக்கும். ஈரச் சீமெந்து நேரடியாகப் படவும் விடக்கூடாது. கீழ்த்தடத்தில் தண்ணீர் வெளியேறும் சிறு துளைகள் இருக்கும், அவற்றைச் சிலிக்கன் வைத்து அடைத்துவிட்டுப் போகும் வேலையாட்களை நான் கண்டிருக்கிறேன். துளை திறந்திருந்தாலும் உங்கள் பகுதியில் மணல் அடைக்கும். புரட்டாதியில் ஒருமுறை ஈர்க்கால் குத்திச் சுத்தம் செய்தாலே வீட்டுக்குள் ஒழுகாது.

மட்டுநகர் ஆசிரியை எழுதியது:

என்னுடைய தவறை எழுதுகிறேன், யாருக்காவது உதவும். எங்கள் வீட்டு யன்னல் நிலை உக்கியபோது, வந்தவர் உக்கிய பகுதியைச் சுரண்டிவிட்டுச் சீமெந்தைக் குழைத்து நிரப்பி மேலே வண்ணம் பூசிக் கொடுத்தார். பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. இரண்டாவது மாரியில் அந்தச் சீமெந்து கட்டியாகக் கையோடு வந்தது. பின்னால் இருந்த மரம் முன்னரைவிட இரு மடங்கு உக்கியிருந்தது. சீமெந்துக்கும் மரத்துக்கும் இடையில் புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே இருந்திருக்கிறது.

1981 இல் பூசிய வண்ணம் அடியில் இருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த மணற்தாளால் தேய்த்துத் தூசி பறக்க விடாமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், சிறு பிள்ளைகளை அன்று அந்த அறைப்பக்கம் விடாதீர்கள்.

கடலோரத்தான் (கல்லடி) எழுதியது:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. அண்ணா சொன்னபடி நேற்று மாலை ஊசியால் குத்திப் பார்த்தேன். மூன்று யன்னல்களிலும் இடது கால் ஏழு அங்குலத்திலும், வலது கால் நான்கு, ஐந்து அங்குலத்திலும் ஊசியை ஏற விடவில்லை. அதற்கு மேல் கல்லைக் குத்துவது போல இருந்தது. கறையான் அடையாளம் எதுவும் இல்லை.

காரணமும் அகப்பட்டது. சுனாமிக்குப் பிறகு வெளிச்சுவரைப் பூசிய மேசன், யன்னற் கட்டில் ஏற்கெனவே இருந்த சரிவின் மேல் இன்னொரு பூச்சு வைத்து மட்டமாக்கியிருக்கிறார். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். அது வெளியே ஓடாமல் மெதுவாகப் பின்னோக்கி வந்து அடிச்சட்டத்தின் கீழே புகுந்தது. உளியால் ஒரு மூலையை உடைத்தபோது அப்பா வைத்த பழைய சரிவு அடியில் அப்படியே இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

ஆகவே மூன்று நிலைகளையும் ஒட்டுப் போட்டுத் திருத்துவதென்றும், சமையலறை யன்னலை மாத்திரம் அலுமினியத்துக்கு மாற்றுவதென்றும் முடிவெடுத்திருக்கிறோம். ஒரேயொரு ஐயம்: துருவேறிய கம்பிகளைச் சுரண்டிப் பூசினால் போதுமா?

ஓடாவி வீட்டுப் பிள்ளை (ஆரையம்பதி) எழுதியது:

போதாது, தம்பி. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், மரத்துக்குள் புதைந்த பகுதியைச் சுரண்ட உங்களால் முடியாது. அடிச்சட்டம் எப்படியும் புதிதாக வருகிறது. எனவே கழற்றும் அன்றே கம்பிகளையும் எடுத்துவிட்டு, நாநா சொன்ன 316 தர எஃகுக் கம்பியைப் போடுங்கள். கம்பி இறங்கும் துளையை அடிச்சட்டத்தின் மறுபக்கம் வரை ஊடுருவ விடாமல் ஓர் அங்குலத்தோடு நிறுத்தி, கம்பியை வைப்பதற்கு முன்னர் துளைக்குள் எபொக்சியை ஊற்றச் சொல்லுங்கள். மேசன் வேலையை முதலில் முடியுங்கள். அந்த மட்டப் பூச்சை முழுவதும் உடைத்தெடுத்து, அதே குவளையால் இன்னொரு முறை தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு தச்சு வேலைக்கு ஓடாவியைக் கூப்பிடுங்கள்.