மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சதுல இருந்து மெட்டடோர் வேன் காலையில மட்டும் அடம் பிடிக்குது, வீட்லயே பாக்க முடியுமா?

தொண்டி வேன்காரன்:
அண்ணமாருக்கு வணக்கம். எங்கப்பா 1989ல எடுத்த மெட்டடோர் வேன் இன்னும் வீட்ல நிக்குது, பென்ஸ் ஓஎம் 616 டீசல் இஞ்சின் போட்டது. ஒரு காலத்துல தொண்டியில இருந்து காரைக்குடிக்கு மீன் அடிச்ச வண்டி, இப்ப எங்க வீட்டு விண்டேஜ், ஆசைக்கு வச்சிருக்கேன், எப்பவாவது ஐஸ் பெட்டி ஏத்துறதோட சரி. தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளும் வேப்பமரத்தடியில சும்மா நின்னுச்சு. அதுக்கப்பறம் காலையில மொத ஸ்டார்ட்டு மட்டும் உயிரை வாங்குது. பத்து பதினஞ்சு தடவ செல்ஃப் அடிச்சாத்தான் ஒரு சிலிண்டர் ரெண்டு சிலிண்டரா திக்கித் திக்கி எந்திரிக்குது. ஒருக்கா எந்திரிச்சிட்டா அன்னிக்குப் பூரா தொட்டா ஸ்டார்ட்டு, இழுவையும் குறையல. டவுன்ல ஒரு பட்டறையில காட்டுனேன், இஞ்சின் மூடியக்கூடத் தூக்கிப் பாக்காம டீசல் பம்ப எறக்கணும், டீசல உள்ள பீச்சுற நாலு நாசிலும் மாத்தணும், முப்பதாயிரம் ஆகும்னு சொல்றாய்ங்க. எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், ஆயில், ஃபில்டர் எல்லாம் நானேதான் மாத்துவேன். எங்க இருந்து ஆரம்பிக்கிறதுண்ணே?

மதுரை மாப்ள:
ஸ்டார்ட்டுக்கு முன்ன சிலிண்டருக்குள்ள சூடு ஏத்துற ஹீட்டர் பிளக்குதான் மாப்ள, நாலையும் மாத்திரு. அப்பறம் விண்டேஜ்னு வெளிய சொல்லிக்காத, சட்டப்படி மொத பதிவுல இருந்து 50 வருஷம் ஆகணும், உனக்கு இன்னும் டயம் கெடக்கு 😀

பாம்பன் போட் மெக்கானிக்:
தம்பி எதையும் வாங்கிறாத. நாளைக்குக் காலையில நீ செல்ஃப் அடி, வீட்ல யாரையாச்சும் சைலன்சர் பக்கம் நிக்கச் சொல்லு. செல்ஃப் சுத்தும்போதே வெள்ளப் புகை குபுகுபுன்னு வந்தா டீசல் உள்ள போகுது, ஆனா சூடு பத்தாம எரிய மாட்டேங்குதுன்னு அர்த்தம், அப்ப ஹீட்டர் பிளக்கப் பாக்கலாம், டேப்பட்ட, அதான் வால்வு இடைவெளியப் பாக்கலாம். புகையே இல்லாம வெறுமன சுத்துச்சுன்னா டீசலே நாசிலுக்கு வரலன்னு அர்த்தம், டீசல் லைன்ல ஏர் பிடிச்சிருக்கு. ரெண்டும் வேற வேற வியாதி. நாசிலு போயிருந்தா காலையில மட்டும் தகராறு பண்ணிட்டுப் பொழுதுக்கும் ஒழுங்கா ஓடாது தம்பி, கரும்புகை அடிக்கும், தட்டும், இழுவை குறையும். உன் வண்டிக்கு அதுல ஒண்ணும் இல்ல.

ஒண்ணு மட்டும் பண்ணாத. ஸ்டார்ட் ஆகலன்னு பெட்ரோல் துணிய ஏர் ஃபில்டர் வாயில காட்டுற பழக்கம் நம்ம பக்கம் இருக்கு. ஹீட்டர் சூடா இருக்கும்போது அத உள்ள இழுத்தா வெடிச்சிரும், பிஸ்டன் ஒடைஞ்சு பாத்திருக்கேன்.

தொண்டி வேன்காரன்:
அண்ணே பாத்தேன். எங்க மாமா சைலன்சர்கிட்ட நின்னாரு. மொத எட்டு தடவ புகையே இல்ல, ஒரு பொட்டு இல்ல. ஒம்பதாவதுலதான் லேசா வெள்ளையா வந்துச்சு, அதுக்கப்பறம் எந்திரிச்சிருச்சு.

பாம்பன் போட் மெக்கானிக்:
அப்ப ஏர்தான். ராத்திரி நிக்கும்போது எங்கயோ காத்து உள்ள போயி டீசல் டேங்குக்கே திரும்பி எறங்கிருது, காலையில நீ பேட்டரியக் கொன்னு அத மறுபடி மேல ஏத்துற. 61 நாள் காஞ்சதுல ஓஸும் வாசரும் சுருங்கியிருக்கும். உறுதி பண்ணனும்னா நாளைக்கு செல்ஃப் அடிக்கிறதுக்கு முன்ன பம்ப் பக்கத்துல இருக்க கை பம்ப்போட குமிழத் தளத்தி, கை கனக்குற வரைக்கும் அமுக்கு, அமுக்கிட்டு குமிழத் திரும்ப இறுக்கித் திருகிரு, இல்லன்னா அதுவே ஒழுகும். அப்பறம் ஹீட்டர் போட்டு அடிச்சுப் பாரு. ஒடனே பிடிச்சிட்டா முடிஞ்சது கதை, முப்பதாயிரம் மிச்சம்.

ஓட்டை எங்கன்னு தேடுறதுதான் வேலை. டேங்குல இருந்து கை பம்ப் வரைக்கும் உறிஞ்சுற பக்கம், அங்க ஓட்டை இருந்தா டீசல் வெளிய சொட்டணும்னு இல்ல, காத்து உள்ள போகும், அதான் எல்லாரும் ஏமாந்து போறாய்ங்க. கொத்தனாரு மட்டம் பாக்குற லெவல் ட்யூப் இருக்குல்ல, அதுல ஒரு சாண் வெட்டி ஃபில்டருக்கு முன்ன மாட்டு, ஓடும்போது குமிழி போனா அதுக்குப் பின்னாடி டேங்க் பக்கம் தேடு. சோதனைக்கு மட்டும்தான், அப்படியே விட்றாத, டீசலுக்கு வெறச்சு வெடிச்சிரும். அடுத்து நாசில் தலைக்குத் தலை மிச்ச டீசலத் திருப்பி அனுப்புற, துணி சுத்துன மெல்லிசு ரிட்டர்ன் ஓஸ் போகும், நாலாவது நாசில்ல ஒரு அடைப்பு மூடி இருக்கும், அது காஞ்சு வெடிக்காத வண்டிய நான் பாத்ததில்ல. அங்க சைக்கிள் வால்வ் ட்யூப்ப மாட்டாத, டீசல்ல ஊறி உப்பிரும்.

எங்க வள்ளத்து இஞ்சின்லயும் இதே கதைதான். கடலுக்கு நடுவுல ஏர் பிடிச்சா பம்ப யாரு எறக்குவா, கையாலதான் ஏர் எடுத்துக் கரை சேரணும். நாசில் நட்டத் தளத்தி ஏர் எடுக்கும்போது மட்டும் விரல வச்சு மறைக்காத, 100 பார் அழுத்தத்துக்கு மேல பீச்சும், தோலக் கிழிச்சு உள்ள போயிரும்.

கீழக்கரை பாய்:
போட் அண்ணன் சொன்னதுல மாத்தம் இல்ல, ஒண்ணு சேத்துக்கங்க. நம்ம பக்கம் உப்புக்காத்து, அதுலயும் மீன் வண்டி, ஐஸ் தண்ணி ஒழுகி ஒழுகி சேசிஸ்ல எர்த் வயர் மாட்டுற எடம் பூரா துருப்பிடிச்சிருக்கும். மல்டிமீட்டர்ல ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்ல வைங்க, இன்னொன்ன இஞ்சின் பிளாக்ல வைங்க, ஒருத்தர செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. அர வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்து சரியில்ல, சுரண்டி இறுக்கி வேசலின் தடவுங்க. டீசல் இஞ்சின் மெதுவா சுத்துனா சூடே ஏறாது. ஹீட்டர் பிளக் சோதிக்கிறதா இருந்தா வகையப் பாத்துக்கங்க, பென்சில் மாதிரி இருந்தா தனித்தனியா 12 வோல்ட் குடுக்கலாம், கம்பிச்சுருள் மாதிரி இருந்தா சீரிஸ்ல ஓடுறது, ஒண்ணு போனா நாலும் செத்துரும், அதுக்கு நேரா 12 வோல்ட் குடுத்தீங்கன்னா அங்கயே எரிஞ்சு போகும். எங்க மச்சான் அப்படி நாலையும் ஒரே மத்தியானத்துல எரிச்சாரு 🤦

தொண்டி வேன்காரன்:
அண்ணே, பாய், ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. கை பம்ப அமுக்கிட்டு அடிச்சேன், ஒரே தடவையில எந்திரிச்சிருச்சு, எங்கம்மா வெளிய ஓடி வந்து பாத்துச்சு. மூணாவது நாலாவது நாசிலுக்கு நடுவுல ரிட்டர்ன் ஓஸ் மடக்கினா வாயத் தொறக்குது, கை பம்ப் குமிழ் அடியிலயும் ஈரம். ஓஸு, காப்பர் வாசர், புது கை பம்ப் எல்லாம் சேத்து ஆயிரம் ரூவாகூட ஆகல. எர்த்துல 0.9 காட்டுச்சு பாய், சுரண்டுனதுக்கப்பறம் 0.2. நாலு நாளா தொட்டா ஸ்டார்ட்டு. டேப்பட் சத்தம் கொஞ்சம் இருக்கு, அதையும் நானே வச்சுறவா?

பாம்பன் போட் மெக்கானிக்:
வச்சுரு. இஞ்சின் ஆறினதுக்கப்பறம், இன்லெட் 0.10, எக்ஸாஸ்ட் 0.30 மில்லி. 14 ஸ்பேனர் ரெண்டு வேணும், லாக் நட்டு ஒண்ணோட ஒண்ணு இறுகி நிக்கும், ஒண்ணு பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணத் திருப்பணும். எக்ஸாஸ்ட்டு டைட்டா இருந்தா சத்தமே வராது, ஆனா வால்வு கருகிரும், அதனால சத்தம் போடுறத மட்டும் பாக்காம எட்டு வால்வையும் ஃபீலர் கேஜ், அதான் இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு விட்டுப் பாரு. வால்வ் கவர் கேஸ்கட் புதுசு ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டு மூடியத் தொற, பழசு கட்டாயம் பிஞ்சு வரும்.