கோவிலில் ரொக்கம் வாங்க மாட்டார்களாம், சரியா?

சாட்ஸ்வொர்த்வாசி:
எங்கள் கோவிலில் அர்ச்சனைச் சீட்டும் காவடிப் பதிவும் இனி ஃபோனில் மட்டும்தானாம். ரொக்கம் வாங்க மாட்டார்களாம். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் வேறு கோவில்களிலும் இப்படித்தானா? எனக்கு இது சரியாகப் படவில்லை.

கணக்குப்பிள்ளை:
நல்ல முடிவு. உண்டியல் காசை எண்ணி, பையில் கட்டி, வங்கியில் சேர்ப்பதற்குள் பொருளாளருக்கு உயிர் போய் உயிர் வருகிறது. வழிப்பறி பயம் ஒரு பக்கம், ரொக்கம் போட வங்கி பிடிக்கும் கட்டணம் இன்னொரு பக்கம். 2023 மார்ச்சில் வங்கிகளின் உடனடிப் பணப் பரிமாற்றச் சேவையான பேஷாப் வந்தபிறகு செல் நம்பர் போதும், பணம் உடனே போய்ச் சேர்கிறது.

ஃபீனிக்ஸ் அக்கா:
உடனே போவதுதானே தொல்லை, தம்பி! தப்பான நம்பருக்குப் போனாலும் உடனேதான். திரும்ப வாங்குவது குதிரைக்கொம்பு. என் மாமியாருக்கு ஒரு நாள் காலையில் ஃபோனில் சிக்னல் போயிற்று. டவர் கோளாறு என்று சும்மா இருந்துவிட்டார். எவனோ அவர் நம்பரை வேறு சிம்முக்கு மாற்றி, ஓடிபி எல்லாம் தனக்கு வரவைத்து, கணக்கைத் துடைத்துவிட்டான். வங்கியில் கேட்டால், சரியான ஓடிபி வந்தது, நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். செல் கம்பெனியோ வங்கியைக் கேள் என்கிறது.

கணக்குப்பிள்ளை:
இப்போது பல வங்கிகள் ஓடிபிக்குப் பதில் ஆப்பிலேயே ஒப்புதல் கேட்கின்றன, அக்கா. வங்கி மேல் வரும் புகாரை விசாரிக்க 2024 மார்ச்சிலிருந்து நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட் என்ற அமைப்பு இருக்கிறது. புகார் கொடுக்கக் காசு கிடையாது. மாமியாரைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த்வாசி:
ஆப்புக்கு டேட்டா யார் அப்பன் வீட்டுக் காசு? கம்பெனிகள் நியாயமாகப் போட்டி போடுகின்றனவா என்று பார்க்கும் போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் அறிக்கை விட்டு நெருக்கிய பிறகுதான், 2020 ஏப்ரலில் பெரிய செல் கம்பெனிகள் 1 ஜிபி விலையை 99 ராண்டுக்கு இறக்கின. வோடாகாம் கம்பெனியில் அதுவரை 149. சின்னச் சின்னதாக டேட்டா வாங்கும் ஏழைக்குத்தான் எம்பி கணக்கில் விலை அதிகம் என்று அந்த அறிக்கையே சொன்னது. பென்ஷன் பாட்டி கற்பூரச் சீட்டுக்கு முதலில் டேட்டா வாங்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
வாசலில் ஒரு வாலண்டியர் நின்று உதவுவார். 2020 கடைசியோடு வங்கிகள் செக்கை நிறுத்தியபோதும் இதே கூப்பாடுதான்.

ஃபீனிக்ஸ் அக்கா:
முன்பின் தெரியாத பையனிடம் பாட்டி பின் நம்பரைச் சொல்லணுமா? நல்லா இருக்கு! அப்புறம், யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியல் யார் லேப்டாப்பில் இருக்கும்? 2021 ஜூலை 1 முதல் தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் முழுசாக நடப்பில் இருக்கிறது, கோவிலுக்கும் சேர்த்துத்தான். அபராதம் 1 கோடி ராண்ட் வரை போகலாம். கமிட்டியில் அந்தச் சட்டப்படி பொறுப்பேற்கும் தகவல் அலுவலர் யார் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

சாட்ஸ்வொர்த்வாசி:
செக் போனபோது ரொக்கம் இருந்தது, கணக்குப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு ரொக்க கவுண்டராவது விடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் பத்து மணிக்கு வந்துவிடுங்கள்.