பூங்காத்திடலா, காத்திடலா, தோப்புத்திடலா?

கும்பகோணத்திலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். குழிப்பந்தாட்டப் (கோல்ஃப்) பயிற்சி நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். பார்க்லேண்ட் கோர்ஸில் எப்படி வியூகம் வகுத்து ஆடுவது என்ற இயலில் மாட்டிக்கொண்டேன். கடலோர மணல்மேட்டில் இருக்கும் லிங்க்ஸுக்கு எதிரானது இது: உள்நாடு, இருபுறமும் மரம், மெத்தென்ற புல். பூங்காத்திடல் என்று எழுதிவைத்தேன், படித்தால் ஊஞ்சலும் சறுக்குமரமும்தான் கண்ணில் வருகின்றன. தடையைத் தாண்டப் பார்க்காமல் அதற்கு முன்னாலேயே பந்தை நிறுத்தும் அடியை லே-அப் என்கிறார்கள், அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

மயிலாடுதுறையிலிருந்து:

பூ எதற்கு, சோலை என்று பொருள்படும் கா போதும். நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் ஒன்று. திருக்குரக்குக்கா, திருக்கோலக்கா, திருக்கோடிக்கா, திருநெல்லிக்கா, திருவானைக்கா என்று நம்மைச் சுற்றி எத்தனை கா! காவிரிக்கே கா விரிக்கும் ஆறு என்றுதானே பெரியவர்கள் பொருள் சொன்னார்கள். அமெரிக்காவின் ஆகஸ்டா நேஷனல் குழிப்பந்துத் திடல் முன்பு நாற்றுப்பண்ணையாக இருந்த நிலம், அதனால் அங்கே 18 குழிகளுக்கும் செடிகொடி மரங்களின் பெயர். ஆனைக்காவுக்குத் தலமரம் வெண்ணாவல் போல. ஆகவே காத்திடல். லிங்க்ஸை நெய்தல் திடல் ஆக்கிவிடுங்கள், திணையும் பொருந்தும்.

மன்னார்குடியிலிருந்து:

நெய்தல் திடல் அருமை ஐயா. காத்திடலைத்தான் ஏற்க முடியவில்லை. புணர்ச்சி சரி, ஆனால் கண் அதைக் காத்து, இடல் என்றுதான் பிரிக்கும். 'மரங்களைக் காத்திடல் நம் கடமை' என்று சுவரில் படித்து வளர்ந்த பிள்ளை வேறென்ன நினைக்கும்?

தோப்பு இருக்கிறதே. வேதாரண்யம் பக்கம் தோப்புத்துறை, அதே வழியில் தோப்புத்திடல். தோப்பு என்றாலே வரிசை, இரண்டு வரிசைக்கு நடுவே பந்தைக் கொண்டுபோக வேண்டும் என்பது சொல்லிலேயே வந்துவிடும். அந்த இயலின் சாரமே அதுதான். எவ்வளவு தூரம் அடித்தோம் என்பதைவிடப் பந்து எந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது என்பதே முக்கியம், ஏனென்றால் தரை மெத்தென்று இருப்பதால் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும், நெய்தல் திடலில்போல உருட்டிவிட்டுக் குழிக்குப் பக்கத்தில் சேர்க்க முடியாது, உயரத் தூக்கித்தான் இறக்க வேண்டும். குழியைக் காட்டும் கொடிக்கம்பம் இடப்பக்க மணற்பள்ளத்துக்குப் பின்னால் இருந்தால் முதல் அடியை வலப்பக்கம் வைத்தால்தான் அடுத்ததற்கு வழி திறக்கும், அந்த வலப்பக்கம் ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தால் கணக்கு முழுவதும் மாறும். ஆகஸ்டாவின் 17-ஆம் குழியில் ஐசனோவர் மரம் என்று ஒரு பைன் இருந்தது. 1956-இல் அமெரிக்க அதிபர் ஐசனோவரே வெட்டச் சொல்லியும் வெட்டவில்லை. 2014-இல் பனிப்புயலில் சிதைந்து அதை எடுத்தபிறகு அந்தக் குழியில் முதல் அடிக்கு இருந்த நெருக்கடியே போய்விட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் எங்கள் தோப்பில் நின்று பார்த்தேன், அதுவரை கண்ணில் பட்டிராத பக்கத்து ஊர்க் கோபுரம் நேராகத் தெரிந்தது. தோப்பு என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

லே-அப்புக்கு முன்னிறுத்தம் என்று சொல்லலாம். அதே ஆகஸ்டாவின் 13-ஆம் குழியில் குழி இருக்கும் பசுந்தரைக்கு (கிரீன்) முன்னால் ஓடை. இரண்டாம் அடியிலேயே ஓடையைத் தாண்டிப் பார்க்கலாம், அல்லது இக்கரையில் நிறுத்திவிட்டு மூன்றாவதை நிதானமாகத் தூக்கலாம். தாண்டுவது ரொம்ப எளிதாகிவிட்டதால் 2023-இல் அந்தக் குழிக்கான பாதையை 510 கெஜத்திலிருந்து 545 கெஜமாக நீட்டினார்கள்.

திருவாரூரிலிருந்து:

முன்னிறுத்துவது என்றால் இப்போது ஒருவரை வேட்பாளராகக் காட்டுவது, அது வேண்டாம். அடக்கியடி என்று வையுங்கள். பொழில், கா, தோப்பு மூன்றையும் இன்று எட்டாம் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பொழில் என்றால் செய்யுள் என்றார்கள், கா என்றால் காக்கை என்றார்கள். தோப்புக்கு மட்டும் படம் வரைந்து காட்டினார்கள்.

மயிலாடுதுறையிலிருந்து:

பகுதி பாதியானதுபோல் தொகுப்பு தோப்பானது, தமிழ்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தோப்பு காய்ப்புக்கு வைப்பது அம்மா, குத்தகைக்கு விடுவது. அங்கே ஆகஸ்டாவில் காய் பறிக்கவா மரம் நிற்கிறது? நூலில் எப்படியும் போகட்டும், நான் கா என்றே எழுதுவேன்.

கும்பகோணத்திலிருந்து:

தோப்புத்திடல், நெய்தல் திடல், அடக்கியடி மூன்றும் உள்ளே போகின்றன. கா என்பதை அடிக்குறிப்பில் சேர்க்கிறேன் ஐயா, முடிந்தது அவ்வளவுதான். பாதி வழியில் ஒடிந்து திரும்பும் பாதையை டாக்லெக் என்கிறார்கள், அதற்கு முடக்கு சரிவருமா? நாளைக் காலைக்குள் சொல்லுங்கள்.